பால் உறையாத புதன்கிழமை

தோன் யாங், த்ராங் மாவட்டம்
புத்த ஆண்டு 2537, ஜூன் 14

தேர்வுத் துறையின் தூணுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் சுற்றறிக்கை வந்திருக்கும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரம் சீவப் போக முடியாமல் ஊரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வம்புக்குக் குறைவில்லை. அதில் பெரும்பங்கு என்னைப் பற்றித்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், உங்கள் புத்தகம் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பயிற்சி நூல், அட்டையில் தங்க எழுத்தில் உங்கள் பெயர். தலைமையாசிரியர் வினாய் அதைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். கட்டின கணவர் எழுதியது, எனக்குத்தான் பெருமை என்றார். அடுத்த மூச்சிலேயே, புதன்கிழமை நான் நடத்தும் செய்முறை நேரத்தை இந்தப் புத்தகத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றார். போன வருஷம் மதிப்பெண்ணில் மண்டலத்திலேயே நாங்கள்தான் கடைசியாம். பிள்ளைகள் வாளியும் கரண்டியுமாகத் திரிந்தால் வேறெப்படி இருக்கும் என்று கேட்காமல் கேட்டார். முகத்துக்கு நேரே யாரையும் மறுக்கத் தெரியாத மனிதர் அவர். அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு, மேலிடத்துக் குழு வந்து பார்த்து முடிவு சொல்லட்டும் என்று சம்மதம் வாங்கிவிட்டேன். குழு ஆகஸ்டில் வருமாம்.

இந்தப் பருவத்துக்கு நான் எடுத்திருப்பது பாலிமர். உங்கள் புத்தகத்தில் அது முப்பத்தோராம் பக்கம்: "பாலிமர் என்பது அ, ஆ, இ, ஈ." இங்கே அது பிள்ளைகளின் செருப்பில், சைக்கிள் டயரில், அப்பன் அம்மாவின் விரல் இடுக்கில் இருக்கிறது. ரப்பர் பாலில் வினிகர் ஊற்றி, உறைந்ததை உருட்டிப் பந்து பண்ணிக் காட்டினேன். மந்திரவாதி மாதிரி கையை விரித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். பின்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். "டீச்சர், விடியறதுக்கு முன்னாடியே வீட்டுல இதைத்தான் பண்ணிட்டு வந்தோம். இங்கயும் இதானா?" அவள் பெயர் பிம்ஜாய். நான் என் ஆயுளில் இப்படிச் சப்பென்று ஆனதில்லை, நம் கல்யாணப் போட்டோவைத் தவிர.

சரி, பால் ஏன் உறைகிறது என்று திருப்பிக் கேட்டேன். ஆசிட் ஊற்றினால் உறையும் என்றார்கள். ஏன் என்றேன். பென்சிலைக் கடித்தார்கள். அந்த ஒரு ‘ஏன்’ என்பதை வைத்துத்தான் இந்தப் பருவம் முழுக்க நடத்தப்போகிறேன்.

மறுவாரம் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப்போய்த் தனித்தனியாக ஓடச் சொன்னேன். ஓடினார்கள். பிறகு கைகோத்துக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் கையைத் தொடமாட்டோம் என்றார்கள், நடுவில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தடி போவதற்குள் சங்கிலி சிக்கிக்கொண்டு கம்பத்தோடு ஒட்டி நின்றது. தனியாக ஓடின அதே பிள்ளைகள்தான், கோத்ததும் நகர முடியவில்லை. "இதான் பாலிமரா?" என்று பிம்ஜாய் சிக்கலுக்குள்ளிருந்து கேட்டாள். கொட்டாவி இல்லை. தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, குரு வணக்க நாளுக்கு நடனப் பயிற்சி என்று நினைத்து மெச்சினார். நான் மறுக்கவில்லை.

இனி வம்பு. தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் ஒன்று வேண்டியிருந்தது, டவுன் சந்தையில் ஒரு கட்டு டயப்பர் வாங்கினேன். நான் பஸ் ஏறுவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் நான் முழுகாமல் இருக்கிறேன் என்பது முதல் பதிப்பு. அது எடுபடவில்லை. பாங்காக்கில் உங்களுக்கு ஒரு குழந்தை இருக்கிறது, பெரிய மனசு பண்ணி நான்தான் டயப்பர் அனுப்புகிறேன் என்பது இரண்டாம் பதிப்பு. பள்ளிக்கு எதிரே நூடுல்ஸ் கடை ஜே ஹியாங் என் கையைத் தடவிக்கொடுத்து, கிண்ணத்தில் இரண்டு கறித்துண்டு கூடுதலாகப் போட்டாள். மறுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கறியைப் பார்த்ததும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன்.

வன்னா


பாங்காக்
ஜூன் 25

வன்னாவுக்கு,

எனக்குக் குழந்தை எதுவும் இல்லை. ஜே ஹியாங்கிடம் சொல்லிவிடு.

புத்தகத்தைப் பற்றி நீ எழுதியது சரியல்ல. முப்பத்தோராம் பக்கத்தில் நான்கு கேள்விகள் உண்டு, நீ ஒன்றைத்தான் சொல்கிறாய். நாடு முழுக்க ஒரே நாளில் திருத்த வேண்டிய தாளில் அ, ஆ, இ, ஈ தவிர வேறு வழி இருந்தால் சொல்.

நான் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. அடுத்த பருவம் வருகிறேன், அடுத்த பருவம் வருகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய். மாற்றல் விண்ணப்பத்துக்கு இந்த வருஷம் செப்டம்பர் கடைசி வெள்ளி கெடு. இதற்குப் பிறகு உன் வயதுக்கு விதி இடம் தராது. சமையலறையில் ஜன்னல் இருக்கும் வீடாகப் பார்த்து மாறியிருக்கிறேன். நீ கேட்டது.

டயப்பருக்குள் இருக்கும் பொடியை என்ன செய்தாய்?

மானோப்


தோன் யாங்
ஜூலை 9

ஜன்னல் வைத்த வீட்டுக்காரருக்கு,

கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். விடை தெரியாமல் நீங்கள் கேட்ட கேள்வியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன், இந்த வயதில்.

டயப்பரைக் கிழித்து உதறினால் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி விழும். ஒரு டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கண்ணெதிரே வீங்கி, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். பிள்ளைகள் அடுத்தவன் தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்டினார்கள். சுருண்டு கிடக்கும் சங்கிலி தண்ணீரைக் கண்டதும் விரிந்து உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அவர்களே மைதானத்துக்கு ஓடிப்போய், கைகோத்துச் சுருண்டு உட்கார்ந்து, விரிந்து, ஒல்லியான ஒருவனைத் தண்ணீர் என்று வைத்து நடுவில் நசுக்கிக் காட்டினார்கள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் எல்லாம் மறுபடி தண்ணீராகிவிடும். அது ஏன் என்று என்னைக் கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படித்தேன். சிரிக்காதீர்கள்.

பசையில் போராக்ஸ் தூள் கரைத்து ஊற்றி வழவழவென்று நீளும் ஒரு வஸ்துவும் செய்தோம். அதில் ஒரு கட்டி எப்படியோ தலைமையாசிரியர் நாற்காலிக்குப் போய்விட்டது. அவர் எழுந்தார், அது கூடவே எழுந்தது. ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே மழையை ரசித்தார்கள். அவரும் எதுவும் நடக்காத மாதிரி, பின்னால் அரை முழம் தொங்க, மணியடிக்கப் போனார். நான்தான் ஓடிப்போய் எடுத்துவிட்டேன்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நேரம் பிழைத்தால் நான் இங்கேயேதான் இருப்பேன். குழு வந்து அதை எடுத்துவிட்டால், அ, ஆ, இ, ஈ சொல்லிக்கொடுக்க இந்த ஊருக்கு நான் எதற்கு? உங்கள் ஜன்னலோரத்தில் வந்து சமைக்கிறேன். வாக்கு. ஆனால் சும்மா விட்டுக்கொடுப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வன்னா


பாங்காக்
ஜூலை 20

வன்னாவுக்கு,

உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று. தெற்கே வரும் குழுவில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். விலக்கிக்கொள்ளக் கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள்.

அன்று நான் உன் கணவன் இல்லை. நீ தோற்றால் நீ இங்கே வருவாய், அதை நான் விரும்புகிறேன் என்பது உனக்கும் தெரியும். அதனால் இரு மடங்கு ஜாக்கிரதையாக இருப்பேன். இந்தப் பக்கமும் சாயமாட்டேன், அந்தப் பக்கமும் சாயமாட்டேன். எங்கள் விதியில் முக்கியமானது ஒன்றுதான்: எடுத்துக்கொண்ட செய்முறை அந்தப் பாட நேரத்துக்குள் முடிந்து, மாணவர்கள் பலனைக் காட்ட வேண்டும். ஐம்பது நிமிடம். வேடிக்கை எதுவும் வேண்டாம், எளிதானதாக எடு.

மானோப்


தோன் யாங்
ஆகஸ்ட் 3

கணவர் அல்லாத ஐயாவுக்கு,

எளிதானதாகவே எடுக்கிறேன். ரப்பர் பால் பந்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். செய்து முடித்ததும் ஏன் உறைந்தது என்று எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேளுங்கள். பாலில் ஒவ்வொரு ரப்பர் துளியும் ஒரே மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிறது, ஆசிட் அந்தப் பகையைத் தீர்த்துவைக்கிறது, பிறகு எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பிம்ஜாய் இதை ஜே ஹியாங் கடையில் இரண்டு கிழவர்களுக்கே விளக்கிவிட்டாள். நம் இரண்டு பேருக்கும் இப்படி யாராவது ஒரு கரண்டி ஆசிட் ஊற்றினால் தேவலை என்று ஜே ஹியாங் சொல்கிறாள். டயப்பர் விஷயத்தை இன்னும் நான் மறுக்கவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஊர் உங்களுக்காகத் தடபுடல் பண்ணுகிறது. ஓடாதீர்கள்.

வன்னா


பாங்காக்
ஆகஸ்ட் 29

வன்னாவுக்கு,

அறிக்கை கொடுத்துவிட்டேன். வேறு யார் வழியாகவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

அன்று உன் வகுப்பில் நான் பார்த்ததை எழுதினேன். பாட நேரம் முழுவதும் பால் பாலாகவே இருந்தது. வினிகரை ஊற்றினார்கள், கலக்கினார்கள், மறுபடி ஊற்றினார்கள். மணி அடித்தது. பலன் இல்லை. குழுவில் மற்ற இருவரும் அதையே எழுதினார்கள். வரும் பருவத்திலிருந்து புதன்கிழமை நேரம் பயிற்சி நூலுக்கு. வினாய்க்கு உத்தரவு போகும்.

இதை எழுத எனக்குச் சந்தோஷமாக இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், இல்லை.

விண்ணப்பப் படிவம் இணைத்திருக்கிறேன்.

மானோப்


தோன் யாங்
செப்டம்பர் 8

மானோப்,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தது நான்.

அறிக்கையை மாற்றக் கேட்கவில்லை. நீங்கள் பார்த்ததைத்தான் எழுதினீர்கள். நீங்கள் பார்க்காததை மட்டும் நான் எழுதுகிறேன்.

காலையில் நடக்க வேண்டிய வகுப்பு மத்தியானத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வரவேற்பு நடனம், பூமாலை, தலைமையாசிரியர் உரை, வறுத்த பன்றிக்கறி விருந்து. பால் காலையில் எடுத்தது. தோட்டத்திலிருந்து வந்த பால் மத்தியானம்வரை தாங்காது, தானாகவே உறைந்துவிடும். பாங்காக் விருந்தாளி முன்னால் டீச்சர் தலைகுனியக் கூடாது என்று பிம்ஜாயின் அம்மா வாளியில் அம்மோனியா போட்டிருக்கிறாள். ஆலைக்குப் போகும் பாலுக்குப் போடும் மருந்து அது, கெடாமல் நீராகவே வைத்திருக்கும். விருந்தாளிக்காகக் கொஞ்சம் கூடவே. வழியில் இன்னொரு அம்மா வாளியை எட்டிப் பார்த்து, அவள் பங்குக்கும் கொஞ்சம். பிறகு ஒரு மாமா. நம் ஊரில் விருந்தாளிக்குச் சோறு போடுகிற மாதிரிதான், கரண்டி ஓயவே இல்லை. எனக்கு வாசனை தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நான் அன்று பூமாலை வாசத்தோடும் பயத்தோடும் இருந்தேன்.

பிம்ஜாய்க்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்கு அவமானம், எனக்கு அவமானம், மூன்று அதிகாரிகள் முன்னால். நீங்களும் நானும் இந்த ஊர்தானே, நாமும் சொல்லியிருக்கமாட்டோம். அவள் என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

மணி அடித்தது. நீங்கள் மூவரும் வணங்கிவிட்டுக் காருக்குப் போனீர்கள். நான் வாளியைத் தூக்கினேன், கொட்டிவிடலாம் என்று. அப்போது அவள் வாய் திறந்தாள்.

"கொட்டாதீங்க டீச்சர். எங்கம்மா மருந்து தூக்கலாப் போட்டுட்டாங்க. ஊத்துற வினிகரை எல்லாம் அதுதான் தின்னுது. அது வயிறு நிறையட்டும், அப்புறம்தான் பாலுக்கு மிச்சம் கிடைக்கும்."

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்கவில்லை. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. எங்கள் வினிகர் தீர்ந்துபோனதால் எதிர்க்கடைக்கு ஓடி, மேசை மேசையாக மிளகாய் ஊறப்போட்ட வினிகர் கிண்ணங்களை வாரிக்கொண்டு வந்தார்கள், ஜே ஹியாங் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். கிண்ணம் கிண்ணமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, முகர்ந்து, கலக்கி, வாதாடி. கடைசியில் வாளிக்குள் கை விட்டிருந்த ஒருவன் அசையாமல் நின்றான். "பிடிக்குதுடா" என்றான், மெதுவாக, குழந்தை விரலைப் பிடித்தால் சொல்வோமே அப்படி. பச்சை மிளகாய்த் துண்டுகளோடு ஒரு பந்து. சுவரில் எறிந்தார்கள். திரும்பி வந்தது. ஜே ஹியாங் கண்ணில் காரம் பட்டு அழுதாள், நானும் அதையே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிம்ஜாய் வாய் திறந்தபோது உங்கள் கார் ஊர்ப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

ஒன்று மட்டும் முடிவு பண்ணிவிட்டேன். மாற்றல் உத்தரவு வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் சேகரிக்கும் கொட்டகையில் வகுப்பு நடக்கும். பள்ளியில்தானே தடை. கொட்டகைக்காரரிடம் பேசியாயிற்று. பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் அம்மாக்கள். பாங்காக்குக்கு வந்த பிறகும் விடமாட்டேன். உங்கள் ஜன்னலோரத்தில் மாவுச்சத்தைக் காய்ச்சிப் பிளாஸ்டிக் பண்ணிக்கொண்டிருப்பேன், சோற்றுக்கு நீங்கள் வெளியே போக வேண்டியிருக்கும்.

வன்னா


பாங்காக்
அக்டோபர் 5

வன்னா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், சரியாக எழுத வரவில்லை.

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். மணி அடித்ததும் நான் ஏன் எழுந்தேன் என்று யோசித்தேன். கார் காத்திருந்தது. அதற்கு மேல் ஒரு காரணமும் அகப்படவில்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்ததை நானும் பார்த்தேன். ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. கேட்கவில்லை.

அறிக்கை போனது போனதுதான், அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பயிற்சி நூலின் புதிய பதிப்பு என் மேசையில் இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் இது அச்சாகிறது:

"ஒரு வாளி ரப்பர் பாலில் மாணவர்கள் வினிகர் ஊற்றினார்கள். உறையவில்லை. ஏன்? என்ன செய்தால் உறையும்? செய்து பார்த்த பிறகே எழுதவும். செய்யாமல் எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லை. இப்பக்கத்துக்குக் குறைந்தது எட்டு பாட நேரம் ஒதுக்கவும்."

கீழே டயப்பரும் போராக்ஸும் வருகின்றன. பதிப்பாளர் அ, ஆ, இ, ஈ எங்கே என்று கேட்டார். அட்டையில் இருப்பது என் பெயர், திட்டு எனக்கு வரட்டும் என்றேன். வினாய்க்குப் போன உத்தரவில் நூலை ஒரு பக்கமும் விடாமல் நடத்த வேண்டும் என்று இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான்தான், வேறு எண்ணத்தில்.

உன் படிவம் இத்துடன். கெடு போன வெள்ளியோடு முடிந்தது. நான் கொடுக்கவில்லை.

மானோப்


தோன் யாங்
நவம்பர் 10

என் மானோப்புக்கு,

உங்கள் கடிதத்தை ஜே ஹியாங்குக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி கேட்டுவிட்டுக் கடையை அரை மணி நேரம் மூடிவிட்டாள். உங்களுக்குக் குழந்தை இல்லை என்பதையும் ஒருவழியாகச் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

புதிய பதிப்பு போன வாரம் வந்தது. தலைமையாசிரியர் அதையும் இரண்டு கையால் ஏந்திக்கொண்டுதான் வந்தார். முப்பத்தோராம் பக்கத்தை என் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். உத்தரவை எடுத்துப் படித்தார். மறுபடி பக்கத்தைப் படித்தார். நான் மழையை ரசித்துக்கொண்டிருந்தேன். "எட்டு பாட நேரம்னு போட்டிருக்கே டீச்சர்" என்றார். குறைந்தது என்றும் போட்டிருக்கிறது என்றேன். நேற்று தன் சைக்கிளில் இரண்டு புது வாளி கட்டிக்கொண்டு வந்தார். உத்தரவு என்றால் உத்தரவு, எந்தப் பள்ளியும் நம்மை முந்தக் கூடாது என்கிறார். மண்டலத்தில் முதலிடம் வாங்கிவிடலாம் என்று கனவு வேறு. புதன்கிழமை எங்களுக்கே. சனிக்கிழமைக் கொட்டகையையும் விடப்போவதில்லை, அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்துதான் அந்தப் பக்கத்தை எழுதினீர்கள். அதை நினைக்கும்போது எனக்கு வேடிக்கையாக எழுத வரவில்லை, அதனால் வேறு பேச்சுக்குப் போகிறேன்.

உங்கள் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. விடைக் குறிப்பில் இரண்டு கரண்டி வினிகர் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் புதன்கிழமை எட்டு வாளி வந்தது, எட்டுக்கும் எட்டு விதமாக வேண்டியிருந்தது. எந்த அம்மா எவ்வளவு போட்டாள் என்று யாருக்குத் தெரியும்? பிம்ஜாய் புத்தகத்தைப் புரட்டி, "இதை எழுதினவரு வாளியில கையே விட்டதில்ல போல" என்றாள். அவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். "அதுக்கென்ன டீச்சர், வரச் சொல்லுங்க. காட்டித் தர்றோம்."

இதை அங்கே உட்கார்ந்து திருத்த முடியாது. செவ்வாய் சாயங்கால ரயிலில் ஏறினால் புதன் காலையில் இங்கே இறங்கலாம். வகுப்பு பத்து மணிக்கு, எப்போது முடியும் என்று சொல்வதற்கில்லை. பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், ரப்பர் பால் பட்டால் துணியை விட்டுப் போகாது.

உங்கள்
வன்னா